புதிய இயங்குதளம் போட்ட பிறகு டிஸ்கில் இடம் எங்கே போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸையோ லினக்ஸையோ மேக்கையோ புதிதாக நிறுவிய கையோடு "இடம் போதவில்லை" என்று எச்சரிக்கை வந்தால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். அந்தப் பதற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்குவார்கள். உண்மையான சேதம் நடப்பது அப்போதுதான். இந்தச் சிக்கலோடு வருகிறவர்களுக்குப் பல வருடங்களாக உதவி வருகிறேன். நான் பார்த்தவரை காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். அல்லது இடம் எந்த பார்ட்டிஷனுக்கும், அதாவது டிஸ்கைப் பிரித்து வைத்த எந்தப் பகுதிக்கும், கொடுக்கப்படாமல் சும்மா கிடக்கும். அல்லது இடம் சரியாகவே இருக்கும், கணக்குதான் வேறு மாதிரி தெரியும். உங்களுடையது இதில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை எதையும் அழிக்க வேண்டாம்.

1 டிபி டிஸ்க் வாங்கினேன். விண்டோஸ் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி 69 ஜிபி எங்கே?

எங்கும் போகவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடிக்குச் சற்று அதிகமான பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. அதனால் அதே டிஸ்க் இங்கே சின்னதாகத் தெரிகிறது. இதே கணக்கில் 256 ஜிபி டிஸ்க் 238 ஆகவும், 512 ஜிபி டிஸ்க் 476 ஆகவும் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1024 கணக்கிற்கென்றே கிபிபைட், மெபிபைட், கிபிபைட் எனத் தனிப் பெயர்கள் 1998-இல் வகுக்கப்பட்டன. தமிழில் எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடுகின்றன. பேச்சு வழக்கிலும் அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. மேக் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பு முதல் தயாரிப்பாளர்களின் கணக்கையே பின்பற்றுகிறது. அதனால் ஒரே டிஸ்கை மேக்கில் பார்த்தால் ஓர் எண், விண்டோஸில் பார்த்தால் இன்னோர் எண். இரண்டிலும் பைட் எண்ணிக்கை ஒன்றுதான்.

நான் ஒரு ஃபைல்கூட வைக்கவில்லை. அதற்குள் சி டிரைவில் 40, 50 ஜிபி போய்விட்டதே?

விண்டோஸின் ஃபைல்கள் மட்டுமே இருந்தால் இவ்வளவு ஆகாது. அதோடு சேர்ந்து நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்: ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் இடம்), சிஸ்டம் ரீஸ்டோருக்கான நகல்கள், அப்டேட்டுக்காக இறக்கிய ஃபைல்கள், அப்புறம் அப்டேட்டுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் இடம். கடைசியாகச் சொன்ன ஒதுக்கீடு 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில் அறிமுகமானது. சுமார் 7 ஜிபி பிடிக்கும். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியிருந்தால் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆள் ஒருவர் இருப்பார். அவர் பெயர் 'விண்டோஸ்.ஓல்டு'. அவரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது நிறுவுவதற்கான எல்லை. அதில் நிம்மதியாக வேலை பார்க்க முடியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எது இடத்தைப் பிடித்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் வகைவாரியாகக் காட்டும். அது தோராயமான படம்தான். ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்க்க விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. விஸ்ட்ரீ டிஸ்கின் ஃபைல் அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் மிக வேகமாக முடித்துவிடும். இவற்றை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். இல்லாவிட்டால் பூட்டிய ஃபோல்டர்களுக்குள் நுழைய முடியாமல் குறைவான எண்ணைக் காட்டலாம். "மொத்தம் 120 ஜிபி பயன்பாடு, ஆனால் ஃபோல்டர்களைக் கூட்டினால் 80தான் வருகிறது" என்று பலர் கேட்பதற்கு இதுதான் காரணம். காணாமல் போன 40 ஜிபி பெரும்பாலும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டருக்குள், ரீஸ்டோர் நகல்களாக இருக்கும். சிஸ்டம் புரொடெக்ஷன் என்ற பக்கத்தில் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம்.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் டிஸ்க் யூசேஜ் அனலைசர் கிடைக்கும். திரை இல்லாத சர்வர் என்றால் என்சிடியு போதும். மொத்த நிலவரத்துக்கு 'டிஎஃப்' கட்டளையை 'ஹெச்' விருப்பத்தோடு கொடுங்கள்.

விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழிக்கலாமா?

அழிக்கலாம். ஆனால் அதற்கு முன் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மேம்படுத்தும்போது உங்கள் பழைய விண்டோஸ் முழுவதையும் ஒரு ஃபோல்டருக்குள் நகர்த்தி வைக்கிறார்கள். புதியது பிடிக்கவில்லை, பிரின்டர் வேலை செய்யவில்லை, அலுவலக மென்பொருள் திறக்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பிப் போக அதுதான் வழி. அதை அழித்துவிட்டால் 'கோ பேக்' பொத்தான் வேலை செய்யாது. பொதுவாக 10 நாளுக்குப் பிறகு விண்டோஸே அதை நீக்கிவிடும். விண்டோஸ் 10 வந்த புதிதில் 30 நாள் இருந்தது, 2016-இல் 10 ஆகக் குறைத்தார்கள். விண்டோஸின் பராமரிப்புக் கட்டளையான டிஸ்ம் மூலம் அந்தக் காலத்தை 60 நாள் வரை நீட்டிக்க முடியும். ஆனால் பழைய ஃபோல்டர் நீங்குவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.

என் ஆலோசனை இதுதான்: இடம் மிக மோசமாக நெருக்கினால் ஒழிய முதல் ஒரு வாரம் அதை விட்டுவையுங்கள். அந்த ஒரு வாரத்தில் பிரின்டர், ஸ்கேனர், வீடியோ அழைப்பு, கணக்கு மென்பொருள் என்று நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால் அழித்துவிடலாம்.

அழிக்கும் முறையும் முக்கியம். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் "அனுமதி இல்லை" என்று பாதியில் நிற்கும். அனுமதியை மாற்றி வலுக்கட்டாயமாக அழிக்க முயல வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்ற பொருளில் இருக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். பழைய டிஸ்க் கிளீனப் மென்பொருளிலும் இது உண்டு. அதில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்திய பிறகுதான் இந்த வரி தெரியும். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு பெட்டி இருக்கலாம். அது தற்காலிக ஃபைல் கிடையாது, உங்களுடைய சொந்த ஃபோல்டர். அந்தப் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

புதிதாக நிறுவினேன். என் பழைய ஃபைல்களைக் காணோம், ஆனால் இடமும் காலியாகவில்லை. எப்படி?

இது நல்ல செய்தி. நிறுவும்போது பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸைப் போட்டிருப்பீர்கள். அப்படியானால் பழைய ஃபைல்கள் விண்டோஸ்.ஓல்டுக்குள் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரில், உங்கள் பழைய பயனர் பெயரின் கீழ் பத்திரமாக இருக்கும். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். மேலே சொன்ன 10 நாள் கணக்கு இங்கேயும் ஓடலாம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டோரேஜ் பக்கத்தில் எதையும் சுத்தம் செய்வது அதற்கு அப்புறம்தான்.

ஹைபர்ஃபில், பேஜ்ஃபைல் என்று இரண்டு பெரிய ஃபைல்கள் இருக்கின்றன. நீக்கலாமா?

ஹைபர்ஃபில் என்பது கணினியை ஹைபர்னேட் நிலையில் வைக்கும்போது ராமில் இருப்பதை எழுதி வைக்கும் இடம். வழக்கமாக ராமில் 40 சதவீத அளவு இருக்கும். 16 ஜிபி ராம் என்றால் 6.4 ஜிபி. ஹைபர்னேட் தேவையே இல்லை என்றால் அதை நிறுத்தலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையோடு ஒரு சாய்கோடும் 'ஹைபர்னேட் ஆஃப்' என்ற சொற்களும் கொடுத்தால் ஃபைல் தானாகப் போய்விடும். கூடவே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியும் நின்றுவிடும், ஏனென்றால் அதுவும் இதே ஃபைலைத்தான் நம்பியிருக்கிறது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மடிக்கணினியில் பேட்டரி தீரும் நேரத்தில் வேலையைக் காப்பாற்றுவது ஹைபர்னேட்தான் என்பதால், மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

பேஜ்ஃபைலை முழுவதும் நிறுத்த வேண்டாம். ராம் நிறைந்ததும் மென்பொருள்கள் எச்சரிக்கையே இல்லாமல் மூடிக்கொள்ளும். வேறு வேகமான டிரைவ் இருந்தால் அங்கே மாற்றி வைக்கலாம்.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் 10 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. அதில் பாதியை அழித்தால் போதுமே?

தயவுசெய்து தொடாதீர்கள். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் கிடங்கு அது. அதில் உள்ள ஃபைல்களை அழித்து விண்டோஸே கிளம்பாமல் போனவர்கள் உண்டு. அது காட்டும் அளவும் உண்மையான அளவு கிடையாது. டிஸ்கில் ஒரே ஒரு ஃபைல் இருக்கும். அதற்கு வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் ஒரு பெயர், சிஸ்டம் ஃபோல்டரில் ஒரு பெயர் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிவிடும். உண்மை அளவைத் தெரிந்துகொள்ளவும், பழைய அப்டேட் மிச்சங்களை முறையாக நீக்கவும் டிஸ்ம் கட்டளையில் வசதி இருக்கிறது. டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்ற வரியைத் தேர்ந்தெடுப்பது அதைவிடச் சுலபம்.

டிஸ்க் பெரியது, ஆனால் சி டிரைவ் சின்னதாகவே இருக்கிறது. 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' பொத்தானும் மங்கலாக இருக்கிறது. என்ன செய்வது?

பழைய சின்ன டிஸ்கை அப்படியே பெரிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. நகலெடுக்கும்போது பார்ட்டிஷன்களும் பழைய அளவிலேயே வந்துவிடும். மீதி இடம் யாருக்கும் கொடுக்கப்படாமல் டிஸ்கின் கடைசியில் கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் கறுப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' என்று தெரியும்.

பொத்தான் ஏன் மங்கலாக இருக்கிறது? பார்ட்டிஷன்கள் ஒரு நீண்ட பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் போல. சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் இடம் இருந்தால்தான் அது நகர்ந்து உட்கார முடியும். நடுவில், கணினி கிளம்பாதபோது சரிசெய்ய உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் 500 ஜிபி காலியாக இருந்தாலும் விண்டோஸின் சொந்தக் கருவியால் அதை எட்ட முடியாது.

டி டிரைவைச் சுருக்கி சி டிரைவுக்குக் கொடுக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கம் உருவாகும். சி இருப்பதோ இடப்பக்கம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, ரெக்கவரி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்துவது. இதற்கு ஜிபார்ட்டட் என்ற இலவசக் கருவியை யுஎஸ்பியிலிருந்து துவக்கிப் பயன்படுத்தலாம். முதலில் ரெக்கவரியை வலக்கோடிக்கு இழுங்கள், அப்புறம் சி-யைப் பெரிதாக்குங்கள். இரண்டாவது வழி, 'ரிஏஜென்ட்சி' என்ற கட்டளையால் ரெக்கவரி வசதியை நிறுத்திவிட்டு, அந்த பார்ட்டிஷனை நீக்கி, சி-யை நீட்டி, கடைசியில் சுமார் 1 ஜிபி விட்டு மறுபடி உருவாக்குவது. எந்த வழியில் போனாலும் முடிவில் ரெக்கவரி வசதி உயிரோடு இருக்கிறதா என்று அதே கட்டளையில் 'இன்ஃபோ' கொடுத்துப் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். என்றாவது ஒருநாள் கணினி கிளம்பாதபோதுதான் அது இல்லை என்று தெரியவரும்.

இன்னொன்று. பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் ஜிபார்ட்டட்டால் அந்த பார்ட்டிஷனின் அளவை மாற்ற முடியாது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலே அந்தப் பூட்டு விழுந்திருக்கலாம். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடிப் பாருங்கள். 48 இலக்க ரெக்கவரி சாவியை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதன்பிறகு பூட்டை எடுங்கள்.

பார்ட்டிஷனை மாற்றும்போது ஃபைல்கள் அழியுமா?

எல்லாம் சரியாக நடந்தால் அழியாது. ஆனால் ஒரு பார்ட்டிஷனை நகர்த்துவது என்பது அதில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் வேறு இடத்தில் எழுதுவது. நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கே, பாதி இங்கே என்று நின்றுவிடும். என் அக்காவின் மடிக்கணினியில் நான் இதைச் செய்தபோது சார்ஜர் சரியாகச் செருகப்படவில்லை. பேட்டரி தீர்ந்து பாதியில் அணைந்தது. பார்ட்டிஷனைத் திறக்கவே முடியவில்லை. அவள் மகனின் முதல் மூன்று வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. மீட்பு மென்பொருள் போட்டு இரண்டு நாள் போராடியதில் கொஞ்சம் கிடைத்தது, நிறையக் கிடைக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அன்றிலிருந்து வேறொரு டிஸ்கில் பேக்கப் எடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்தும் பார்க்காமல் நான் யாருடைய பார்ட்டிஷனையும் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதே டிஸ்கின் இன்னொரு பார்ட்டிஷனில் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது.

சி டிரைவைச் சுருக்கப் பார்த்தால், 200 ஜிபி காலியிருந்தும் 10 ஜிபிதான் சுருங்கும் என்கிறது. ஏன்?

நகர்த்த முடியாத சில ஃபைல்கள் பார்ட்டிஷனின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருக்கின்றன. பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில், ரீஸ்டோர் நகல்கள் மூன்றும் வழக்கமானவை. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுபடி துவக்கிச் சுருக்குங்கள். முடிந்ததும் திரும்ப இயக்கிவிடுங்கள்.

3 டிபி டிஸ்கில் 2 டிபிதான் பயன்படுத்த முடிகிறதே?

டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் 512 பைட் அளவுள்ள துண்டுகளை 32 பிட் எண்ணால்தான் குறிக்க முடியும். அதனால் 2.2 லட்சம் கோடி பைட்டோடு கணக்கு முடிந்துவிடும். ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றினால் முழு இடமும் கிடைக்கும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் என்றால் 2017 முதல் விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. ஃபைல்களை அழிக்காமல் மாற்றும். மாற்றிய பிறகு மதர்போர்டு அமைப்பில் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் துவங்கும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பாது. வெறும் ஃபைல்கள் வைக்கும் டிஸ்க் என்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் காலி செய்த பிறகே மாற்ற முடியும்.

சி டிரைவில் 100 ஜிபி காலி. ஆனாலும் அப்டேட் இடமில்லை என்கிறதே?

அப்டேட் கேட்பது சி டிரைவில் உள்ள இடத்தை மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத இரண்டு சின்ன பார்ட்டிஷன்கள் இருக்கின்றன: கணினியைத் துவக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன், அப்புறம் ரெக்கவரி பார்ட்டிஷன். விண்டோஸ் இஎஃப்ஐக்குப் பெரும்பாலும் 100 எம்பிதான் ஒதுக்குகிறது. அதே பார்ட்டிஷனில் லினக்ஸும் குடியேறினால், அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் ஃபைல்கள் சேர்ந்தால், சீக்கிரம் நிறைந்துவிடும்.

ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு 2024 ஜனவரி ஒரு நல்ல உதாரணம். அந்த மாதம் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட்டுக்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது. ஏராளமான கணினிகளில் அவ்வளவு இல்லை. திரையில் வந்ததோ 80070643 என்று முடியும் ஒரு பிழை எண் மட்டும். இடம்தான் காரணம் என்று அது தெளிவாகச் சொல்லவே இல்லை. சி டிரைவை எவ்வளவு சுத்தம் செய்தாலும் தீராத இந்த மாதிரிச் சிக்கல் வந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சின்ன பார்ட்டிஷன்களின் அளவைப் பாருங்கள். புதிதாக நிறுவுகிறவர்கள் தொடக்கத்திலேயே இஎஃப்ஐக்கு 500 எம்பியாவது கொடுத்துவிட்டால் பின்னால் பெரிய தலைவலி வராது.

உபுண்டு சர்வர் போட்டேன். 500 ஜிபி டிஸ்கில் 100 ஜிபிதான் இருக்கிறது என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

இல்லை. அதன் நிறுவி, டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் என்ற முறையில், வேண்டுமென்றே கொஞ்ச இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் 200 ஜிபிக்கு மேல் என்றால் 100 ஜிபி, அதற்குக் கீழே நடுத்தர அளவு என்றால் பாதி. மீதியைப் பின்னால் உங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். ஆனால் நிறுவும்போது அந்தத் திரையை 'டன்' அழுத்திக் கடந்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. மாதக்கணக்கில் ஓடி, டேட்டாபேஸ் நின்ற பிறகுதான் கவனிப்பார்கள்.

சரிசெய்வது சுலபம். 'விஜிஎஸ்' கட்டளை எவ்வளவு மீதி என்று காட்டும். 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையில் மீதி இடத்தில் வேண்டிய அளவைக் கொடுக்கச் சொல்லி, கூடவே 'ஆர்' விருப்பத்தைச் சேருங்கள். அந்த 'ஆர்' இருந்தால் உள்ளே ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே வளரும். அதை விட்டுவிட்டால் பார்ட்டிஷன் பெரிதாகியும் 'டிஎஃப்' பழைய எண்ணையே காட்டும். சர்வரை நிறுத்தவே வேண்டியதில்லை, ஓடும்போதே செய்யலாம். ஒரு யோசனை: மொத்தத்தையும் கொடுத்துவிடாமல் கொஞ்சம் மீதி வையுங்கள். எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம் வளரும், ஆனால் சுருங்காது.

லினக்ஸில் 'பூட்' பார்ட்டிஷன் நிறைந்துவிட்டது, அப்டேட் நிற்கிறது.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்களில் பழையவை சேர்ந்துவிட்டன. உபுண்டு, டெபியன் என்றால் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' அவற்றை நீக்கும். அதுவே இடமில்லாமல் நின்றால், இப்போது ஓடும் கெர்னல் எது என்று 'யுநேம்' கட்டளையால் பார்த்துக்கொண்டு, அதைத் தவிர்த்து மிகப் பழைய ஒன்றின் பேக்கேஜை மட்டும் 'டிபிகேஜி' மூலம் நீக்குங்கள். கையால் ஃபைல்களை அழித்தால் பேக்கேஜ் கணக்கு குழம்பிவிடும்.

லினக்ஸில் பெரிய ஃபைலை அழித்தேன். இடம் திரும்பவே இல்லை!

இதற்கு எனக்குத் தெரிந்து நான்கு காரணங்கள் உண்டு. எளிதானது முதலில்: ஃபைல் மேனேஜர் வழியாக அழித்திருந்தால் அது குப்பைத் தொட்டியில்தான் இருக்கிறது. காலி செய்யுங்கள்.

இரண்டாவது, அந்த ஃபைலை ஏதோ ஒரு மென்பொருள் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் ஃபைலின் பெயர் போனாலும், அதைத் திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை இடம் திரும்பாது. பெரிய லாக் ஃபைலை அழித்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை அப்படிப்பட்ட ஃபைல்களைக் காட்டும். அந்தச் சேவையை மறுபடி துவக்கினால் இடம் சட்டென்று வந்துவிடும்.

மூன்றாவது, ஸ்னாப்ஷாட். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் டைம்ஷிஃப்ட் போன்றவை எடுத்து வைத்த நகல் ஒன்று இருக்கும்வரை அழித்த ஃபைல் அதற்குள் வாழ்ந்துகொண்டே இருக்கும்.

நான்காவது, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் 5 சதவீத இடத்தை நிர்வாகியான ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 1 டிபி டிஸ்கில் அது 50 ஜிபி. இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் அதைத் தொடாதீர்கள், டிஸ்க் முழுவதும் நிறையும்போது உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த இடம்தான் உதவும். படங்களும் வீடியோக்களும் மட்டும் வைக்கும் பார்ட்டிஷனில் 'ட்யூன்2எஃப்எஸ்' மூலம் 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

இடம் காலியாக இருந்தும் "இடமில்லை" என்று வந்தால் அது வேறு வியாதி. ஐநோடு தீர்ந்திருக்கும், அதாவது லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்து, புதிய ஃபைலுக்குப் பதிவு எண் இல்லாத நிலை. 'டிஎஃப்' கட்டளையை 'ஐ' விருப்பத்தோடு கொடுத்தால் தெரியும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை.

இது இடப் பிரச்சினை மாதிரி தெரியும், ஆனால் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது விண்டோஸ் முழுவதும் அணைவதில்லை, பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் டிரைவில் எழுதினால் ஃபைல்கள் சிதையும் என்பதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும். விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுவதுமாக அணையுங்கள். லினக்ஸ் பக்கத்திலிருந்து வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம்.

மேக்கை மேம்படுத்திய பிறகு 'சிஸ்டம் டேட்டா' என்று பெரிய அளவு காட்டுகிறது.

அதில் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் எடுத்த உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகளும் அடங்கும். அவை 24 மணி நேரம் வரை இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும், இடம் தேவைப்பட்டால் இன்னும் சீக்கிரம். அதனால் ஒரு நாள் பொறுங்கள். காலையில் பெரிய வீடியோவை அழித்தும் இடம் வரவில்லை என்று சொல்பவர்களுக்கு மறுநாள் வந்துவிடுவதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். அவசரம் என்றால் டிஸ்க் யுடிலிட்டியில் ஸ்னாப்ஷாட்டுகளைக் காட்டச் சொல்லி நீக்கலாம். மேம்படுத்தல் பாதியில் நின்றிருந்தால் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் 10 ஜிபிக்கு மேல் உள்ள நிறுவி தங்கியிருக்கும், அதையும் பாருங்கள். 'ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்' என்ற ஃபோல்டர் தெரிந்தால், புதிய பதிப்பில் வைக்க அனுமதி இல்லாத ஃபைல்கள் அவை. திறந்து பார்த்து, உங்களுடையது எதுவும் இல்லை என்றால் நீக்கலாம்.

ஒரே கிளிக்கில் சுத்தம் செய்யும் கிளீனர் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து கிடைக்கும் இடம் ஒன்றுமே இல்லை, கெடுவதற்கான வாய்ப்புதான் அதிகம். விண்டோஸில் தேவையற்ற ஃபைல்களைத் தானாக நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கி வையுங்கள், போதும். ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் பெரிய ஃபோல்டர்களில் வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் ஃபைல் இணையத்தில் இருக்கும், டிஸ்கில் பெயர் மட்டும் நிற்கும். ஒன்டிரைவ் ஃபோல்டரிலிருந்தே ஃபைலை நேரடியாக அழித்துவிடாதீர்கள், அது இணையத்திலும் அழிந்துவிடும்.

அடுத்த முறை நிறுவும்போது எவ்வளவு இடம் ஒதுக்கட்டும்?

விண்டோஸ் 11-க்கு சி டிரைவில் குறைந்தது 150 ஜிபி கொடுக்கச் சொல்வேன். எஸ்எஸ்டி சின்னது என்றால் பிரிக்கவே வேண்டாம், முழுவதும் ஒரே சி டிரைவாக இருக்கட்டும். சி நிறைந்து டி காலியாகக் கிடக்கும் கொடுமை அதில் வராது. உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி என்று சொன்னாலும் ஸ்னாப், ஃபிளாட்பேக் மென்பொருள்கள் போடுகிறவர்கள் 60 வைத்துக்கொள்ளுங்கள். டாக்கர் ஓட்டுகிறவர்களுக்கு அதற்கும் மேலே. எஸ்எஸ்டி விளிம்பு வரை நிறைந்தால் எழுதும் வேகமும் குறையும் என்பதால் நான் எப்போதும் சுமார் 15 சதவீதத்தைக் காலியாக விடுகிறேன். நிறுவி முடித்து எல்லா அப்டேட்டும் போட்ட அன்றே எவ்வளவு இடம் காலி என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் குறைந்தது போலத் தெரிந்தால் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.